எல்லைப்புறப் பள்ளிகளில் கலைக்கல்வி

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம் என்னும் நெசவாளர் ஊர் ஒன்று உண்டு. அங்கிருந்து கடற்கரைப் பக்கமாகத் திரும்பினால், தென்னந்தோப்புகளுக்கும் மரச்சீனித் தோட்டங்களுக்கும் நடுவே கோட்டுகால் என்னும் சிற்றூரை அடையலாம். கொல்லம் மாவட்டத்தில் குடைவரைக் கோயிலால் பெயர்பெற்ற கோட்டுக்கல் வேறு; அன்பர்கள் இரண்டையும் ஒன்றாகக் கொள்ள வேண்டா. நாம் கூறும் கோட்டுகால் நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்தது. நெடுஞ்சாலை வழியே மேலும் தெற்கே சென்றால் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் வரும். பாறசாலைக்கு அப்பால் களியக்காவிளை. அவ்விடத்தே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது.

தமிழகத்துக்கு வெளியே, மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் தமிழன்பர்களுக்கு இந்த எல்லைப்புறத்தைப் பற்றிக் கூறுவதில் ஒரு காரணம் உண்டு. இங்குள்ள குழந்தைகளிற் பலர், உங்கள் குழந்தைகளைப் போலவே, வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் மற்றொரு மொழியுமாக வளர்கின்றனர். ஆடல், பாடல், நாடகம் ஆகியவற்றையும், இன்று ஊடகம் என்று நாம் வழங்கும் வானொலி, திரைப்படம், செய்தித்தாள் ஆகியவற்றின் கல்வியையும் உயர்நிலைப் பள்ளியில் எவ்வாறு பயில்வது என்ற கேள்வி அவர்கள் முன்னும் நிற்கிறது. உங்கள் முன்னும் நிற்கிறது. இக்கலைகள் பள்ளியில் ஆண்டு விழாவுக்குரிய அலங்காரமா, அன்றிக் கணிதமும் பூகோளமும் போல் ஒரு பாடமா? இதனையே இன்று சற்று விரிவாக எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

இந்த நிலப்பகுதி கலைக்கு வறண்ட நிலமன்று. பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் வாழும் நெசவாளரின் முன்னோர், பாலராமவர்ம மகாராஜாவின் காலத்தில், அதாவது 1798-க்கும் 1810-க்கும் இடையில், தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர், பத்மநாபபுரத்துத் தேவாரக்கெட்டுச் சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் இந்நெடுஞ்சாலை வழியாகவே திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றனர். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது செவிவழி வரலாறு. களியக்காவிளையைக் கடந்து, நெய்யாற்றின்கரையில் ஓரிரவு தங்கி, திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாள் இசை கேட்டு, மீண்டும் தன் ஊருக்குத் திரும்பும் அந்தக் கலைமகளுக்கு மாநில எல்லை ஒரு தடையாக இருந்ததில்லை.

மேலும், காக்காரிசி நாடகம் என்று ஒன்று இப்பக்கத்தில் வழங்கி வந்துள்ளது. சிவபெருமானும் பார்வதியும் குறவன் குறத்தியர் போல் நாடோடிகளாக உலவிக் குறி சொல்லுவதாக அமைந்த நாட்டுப்புறக் கூத்து அது. அதன் பேச்சு முழுத் தமிழும் அன்று, முழு மலையாளமும் அன்று. இரண்டும் கலந்து நடப்பது. எல்லையில் வாழ்வோர் பேசும் பேச்சையே மேடையில் ஏற்றிய அக்கூத்தைப் பற்றிப் பின்னர் மீண்டும் குறிப்பிட நேரும். தமிழ்நாட்டு இசை நாடகக் குழுக்கள் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளில் ஊர் ஊராகச் சென்று நடித்ததைக் கண்டே மலையாளத்தில் சங்கீத நாடகம் தோன்றியது என்பதும் அங்குள்ள நாடக வரலாற்றாசிரியர் ஒப்புக்கொள்ளும் செய்தி.

ஆயினும், இவ்வளவு கலைவளம் சூழ்ந்திருந்தும், பள்ளிக்கூடம் நெடுங்காலம் அதனைத் தன் வாயிலுக்கு வெளியே நிறுத்தியே வைத்திருந்தது. பாபநாசம் சிவனின் இளமை இதற்குத் தக்க சான்று. தஞ்சை மாவட்டத்தில் 1890-இல் பிறந்த அவர், சிறு வயதில் தந்தையை இழந்தபின், தாயுடனும் தமையனுடனும் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். உங்களைப் போல அவரும் ஒரு குடிபெயர்ந்த தமிழர் வீட்டுப் பிள்ளையே. மலையாளம் கற்றார், மகாராஜா சம்ஸ்கிருதக் கல்லூரியில் வியாகரணம் பயின்று பட்டமும் பெற்றார். இலக்கணத்தைப் பள்ளி கொடுத்தது. இசையையோ, அவர் நீலகண்ட சிவனின் பாடல்களைப் பாடும் பஜனைக் கூட்டங்களில், வீதியில் நடந்து நடந்து, தாமே தேடிக்கொண்டார். பின்னாளில் தமிழ்க் கீர்த்தனைகளாலும் திரைப்பாடல்களாலும் நாடெங்கும் அறியப்பட்ட ஒருவருக்கு அவருடைய கல்விச்சாலை அளித்த இசைப்பயிற்சி ஒன்றுமில்லை. அவர் பிறவி மேதை. பஜனை மடமே அவருக்குப் போதுமானதாயிற்று. பிறவி மேதைகள் அல்லாத நம் குழந்தைகளுக்கு அது போதுமா?

திருவனந்தபுரத்தில் இசைக்கென்று ஒரு கல்விக்கூடம் 1939-இல் ஏற்பட்டது. சுவாதித் திருநாளின் பெயர் தாங்கி இன்று விளங்கும் அக்கல்லூரிக்கு முதல் தலைவராக வந்தவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் 1963 வரை அப்பொறுப்பை ஏற்று நடத்தினார், அடுத்து ஜி. என். பாலசுப்பிரமணியமும் சிறிது காலம் தலைமை வகித்தார். நெய்யாற்றின்கரைப் பக்கத்தைச் சேர்ந்த நெய்யாற்றின்கரை வாசுதேவன் இக்கல்லூரியில் இசை பயின்றவர். எளிய குடும்பத்திற் பிறந்து, முறையாகப் பாடம் கேட்டு, திருவனந்தபுரம் வானொலி நிலையத்தின் கலைஞராகப் பல்லாண்டுகள் பணியாற்றி, 2004-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2008-இல் மறைந்தார். குருகுலத்துக்குக் காணிக்கை செலுத்த வசதியில்லாத ஓர் ஊர்ப்பிள்ளைக்கு, பாடத்திட்டமும் தேர்வும் உள்ள கல்விக்கூடம் என்ன செய்ய முடியும் என்பதற்கு அவரைக் காட்டிலும் அருகில் உள்ள சான்று இவ்வெல்லைப்புறத்தாருக்கு இல்லை.

இனி, பள்ளிக்கு வருவோம். 1956 நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதையும் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழர் எழுப்பிய கோரிக்கை நிறைவேறவில்லை. அந்தப் பிரிவு நிகழ்ந்து மூன்று மாதம் முடிவதற்குள், 1957 ஜனவரியில், கேரளப் பள்ளிகளின் முதல் இளைஞர் விழா எறணாகுளத்தில் நடைபெற்றது. பொதுக் கல்வி இயக்குநராயிருந்த சி. எஸ். வெங்கிடேஸ்வரன் தில்லியில் கண்ட பல்கலைக்கழக விழா ஒன்றே அதற்குத் தூண்டுதல் என்பர். ஏறக்குறைய 200 மாணவர்களுடன் தொடங்கிய அவ்விழா, இன்று பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் கலந்துகொள்ளும் பெருவிழாவாக வளர்ந்து, கேரளப் பள்ளிக் கலோற்சவம் என்ற பெயரில் நடைபெறுகிறது. ஆகவே களியக்காவிளைக்கு இப்புறம் இருந்த சிறுவனுக்கு 1957 முதலே ஓர் அரசாங்க மேடை காத்திருந்தது. அப்புறம் இருந்த சிறுவனுக்கோ, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கென்று மாநில அளவிலான கலைத்திருவிழா 2022-இல் தான் தொடங்கியது. ஒரே பேச்சு, ஒரே பாட்டு, ஒரே கூத்து உடைய இரண்டு ஊர்களுக்கு இடையே அறுபத்தைந்து ஆண்டு வித்தியாசம்!

அம்மேடையின் பெருமையை நாம் குறைத்துக் கூறப் போவதில்லை. 1958-ஆம் ஆண்டு விழாவில் வாய்ப்பாட்டில் முதற் பரிசு பெற்றவர் கே. ஜே. யேசுதாஸ், மிருதங்கத்தில் முதற் பரிசு பெற்றவர் பி. ஜெயச்சந்திரன். ஒருவர் பாட மற்றவர் மிருதங்கம் வாசிக்கும் அக்காலத்துப் புகைப்படத்தை மலையாளிகள் இன்றும் போற்றுகின்றனர். இருவர் குரலையும் தமிழர் அனைவரும் அறிவர்; ஜெயச்சந்திரன் 2025 ஜனவரியில் காலமானார். நாகர்கோவிலில் பிறந்த மஞ்சு வாரியர் 1992-இலும் 1995-இலும் இவ்விழாவின் கலாதிலகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தமிழிலும் கன்னடத்திலும் பா ஒப்புவித்தலும் சொற்பொழிவும் கூட இவ்விழாவிற் போட்டிகளாக இடம் பெற்றுள்ளன. கேரளத்தில் தமிழ் பயிலும் பிள்ளைகளுக்கு இது சிறிய ஆதரவன்று. 2025-இல் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில் மங்கலங்களி, பணியர் நடனம், இருளர் நடனம், பளியர் நடனம், மலைப்புலையர் ஆட்டம் ஆகிய பழங்குடி மக்களின் ஐந்து கலைகள் முதன்முறையாகப் போட்டிக்கு ஏற்கப்பட்டன. இடுக்கி, அட்டப்பாடி மலைகளில் தமிழுக்கு நெருங்கிய பேச்சுகளைப் பேசும் மக்களின் ஆட்டங்களும் இவற்றுள் அடங்கும்.

ஆனால் மேடை வேறு, பாடம் வேறு. யேசுதாஸின் கதையையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். பரிசு பெற்ற பின்னர் அவர் திருப்பூணித்துறை இசைக் கல்லூரியிற் பயின்றார். மேற்படிப்புக்காகத் திருவனந்தபுரம் கல்லூரியிலும் சேர்ந்தார். பண வசதியின்மையால் அப்படிப்பை முடிக்க இயலாமல் விலகினார். மாநிலத்தின் முதற் பரிசு கூட ஓர் ஏழை மாணாக்கனின் கல்லூரிச் செலவைத் தாங்கவில்லை. பரிசுக் கோப்பை வீட்டு அலமாரியில் நிற்கும். அதனைக் கொண்டு சம்பளம் கட்ட முடியாது.

போட்டி என்பது கல்வியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது என்ன நேரும் என்பதையும் இவ்விழாவே காட்டியது. கலாபிரதிபா, கலாதிலகம் என்ற தனிப் பட்டங்களை 1986-இல் ஏற்படுத்தியவர்கள், போட்டியின் வெம்மை பொறுக்க மாட்டாமல் பின்னர் அவற்றைக் கைவிட்டனர். 2025-இல் திரிச்சூர் மாவட்டம் 1008 புள்ளிகளும் பாலக்காடு 1007 புள்ளிகளும் பெற்றன. ஒரு புள்ளியில் 117½ பவுன் தங்கக் கோப்பை இடம் மாறும் இடத்தில், தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடுகள் எழுவதில் வியப்பில்லை. மற்றொரு புறம், ஆடைக்கு வாடகை, ஒப்பனையாளருக்குக் கூலி, பின்பாட்டுக் குழுவுக்குச் சம்பளம், நடனம் பழக்குபவருக்குத் தட்சிணை என்று ஒரு பெண் பரதநாட்டியப் போட்டிக்கு ஏறுவதற்குள் ஆகும் செலவை, தறி நெய்பவரும் மீன் விற்பவரும் எங்ஙனம் தாங்குவர்? கடன் வாங்கித் தாங்குவோர் உண்டு. மகளின் ஆசையை அடக்கிவிடுவோர் அதைவிட மிகுதி.

செலவைவிட ஆழமான குறை ஒன்று உளது. போட்டி நடனத்துக்கு அளிக்கப்படும் நேரம் பத்து நிமிடம். வர்ணம் ஒன்றை முறைப்படி ஆடினால் அரைமணிக்கு மேலாகும். ஆகவே போட்டிக்கென்று பழக்குவோர் வர்ணத்தை வெட்டிச் சுருக்கி, நடுவர் கண்ணைக் கவரும் அடவுகளை மட்டும் கோத்துக் கொடுக்கின்றனர். குழந்தை அந்தப் பத்து நிமிடத்தை அச்சுப் பிசகாமல் ஆடுகிறது. தட்டடவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு அடவையும் மூன்று காலத்தில் பழகி, எந்தத் தாளத்தில் எந்தச் சொற்கட்டு அமைகிறது என்று அறிந்து, பாட்டின் பொருளைச் சொல்லக்கூடிய நிலை அதற்கு வருவதில்லை. ‘இந்த அடிக்கு என்ன பொருள்?’ என்று கேட்டால் விழிக்கிறது. பாட்டுப் போட்டியிலும் அவ்வாறே. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடி, சப்த தாள அலங்காரம் பாடி, கீதம், வர்ணம் என்று படியேறி வரும் வழி நீண்டது. ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு ஒரே ஒரு கீர்த்தனையை நெட்டுருப் போடும் வழி குறுகியது. போட்டிக்குப் பரிசு குறுகிய வழியிலும் கிடைக்கக்கூடும். அடுத்த ஆண்டு அந்தக் கீர்த்தனை பழையதாகிவிடும்; குழந்தையிடம் எஞ்சுவது யாது?

பாடமாகப் பயில்வதன் வேறுபாடு இங்கேதான் உள்ளது. பாடம் என்றால் கால அட்டவணையில் ஓர் இடம் உண்டு, ஓர் ஆசிரியர் உண்டு, நூல் உண்டு, செய்முறையோடு எழுத்துத் தேர்வும் உண்டு. பரிசு பெற இயலாத, குரல் சற்றே கட்டையான, கால் சற்றே பிந்துகின்ற பிள்ளையும் அங்கே உட்காரலாம். கணக்கில் எல்லாரும் இராமானுஜன் ஆவதில்லை. ஆயினும் எல்லாருக்கும் கணக்குக் கற்பிக்கிறோம் அல்லவா? பாடத்தில் பயின்றவன் பாடகன் ஆகாவிட்டாலும், நல்ல பாட்டைக் கேட்டறியும் செவி உடையவனாகிறான். நாட்டுக்குப் பாடகரைக் காட்டிலும் அத்தகைய செவிகளே மிகுதியாக வேண்டும்.

கேரளத்தில் இதற்கு ஒரு முழு வடிவமும் இருக்கிறது; ஆனால் அது மிகச் சிறியது. மகாகவி வள்ளத்தோள் 1930-இல் நிறுவிய கலாமண்டலம், செறுதுருத்தியில் ஒரு கலைப் பள்ளியை நடத்தி வருகிறது. எட்டாம் வகுப்பில் சேரும் பிள்ளை, காலையில் கதகளியோ மத்தளமோ பயின்று, மொழியும் கணிதமும் விஞ்ஞானமும் கூடப் படித்து, பத்தாம் வகுப்பு முடிவில் கலை உயர்நிலைப் பள்ளித் தேர்வு என்னும் தனித் தேர்வை எழுதுகிறது. கதகளி வகுப்பில் பெண்கள் 2021-இல்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டனர். கேரளத்தில் ஆண்டுதோறும் பொதுப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவோர் 4 லட்சத்துக்கு மேல். இக்கலைத் தேர்வு எழுதுவோர் 100 பேருக்கும் குறைவு. கோட்டுகாலில் இருந்து செறுதுருத்தி சென்று விடுதியில் தங்கிப் படிக்க எத்தனை வீடுகள் துணியும்? ஆகையால் அந்த நூற்றுவரைத் தவிர்த்த மற்றையோருக்குத் தத்தம் ஊர்ப் பள்ளியிலேயே வழி வேண்டும். மேல்நிலை வகுப்புகளில் இசையையும் இதழியலையும் விருப்பப் பாடங்களாக எடுக்கும் வாய்ப்பைக் கேரள அரசு அளித்துள்ளது. எனினும் அவை எல்லாப் பள்ளிகளிலும் நடைபெறுவதில்லை.

ஊடகக் கல்வியைப் பற்றி இனிச் சில சொல்ல வேண்டும். இந்தத் தென்கோடியிலிருந்து ஊடகத்துறைக்குச் சென்றவர்களுள் முதல்வர் ஜே. சி. டேனியல். மலையாளத்தின் முதல் திரைப்படமான ‘விகதகுமார’னை 1920-களின் கடைசியில் அவர் தம் நிலத்தை விற்றுத் தயாரித்தார், அதற்காகத் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற படக்கூடமும் அமைத்தார். நாடார் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், செல்வத்தை எல்லாம் இழந்து 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். அவர் பெயரில் கேரள அரசு 1992 முதல் உயரிய திரை விருது ஒன்றை வழங்கி வருகிறது.

அப்படத்தின் நாயகி பி. கே. ரோசி என்னும் பெண். ஒடுக்கப்பட்ட புலையர் குலத்தைச் சேர்ந்த கூலிவேலைக்காரி; நாம் முன்னர்க் குறிப்பிட்ட காக்காரிசி நாடகத்தை முறையாகப் பயின்று நடித்தவர். அவர் உயர்குலப் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறாத கூட்டம் கொட்டகையில் கல்லெறிந்தது. முதற் காட்சியைக் காண அவர் அனுமதிக்கப்படவுமில்லை. அவர் குடிசை கொளுத்தப்பட்டது என்றும், இரவோடிரவாக லாரி ஒன்றில் ஏறித் தெற்கே தப்பி நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து மறைந்தார் என்றும் அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். அப்படத்தின் சுருளும் இன்று கிடைப்பதில்லை.

இந்நிகழ்ச்சியை ஏன் கூறுகிறோமெனில், ஊடகப் பாடம் என்றவுடன் படக்கருவியைத் திருகவும், குரலைப் பதிவு செய்யவும், படத்தைக் கணினியில் வெட்டி ஒட்டவும் கற்பிப்பதே அது என்று பலர் கருதுகின்றனர். அத்திறமைகள் வேண்டியனவே. கேரளத்தில் 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் அணிகள் 2,000-க்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் இயங்குகின்றன. அசைபடமும் படப்பிடிப்பும் கணினித் தொழிலும் அவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. கலைவிழாக்களையும் பள்ளி நிகழ்ச்சிகளையும் அம்மாணவரே பதிவு செய்கின்றனர். 2005-இல் தொடங்கிய விக்டேர்ஸ் என்ற கல்வித் தொலைக்காட்சியும் அம்மாநிலத்துக்கு உண்டு. பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி முக்காலியில் கருவியைப் பொருத்தித் தன் பள்ளி விழாவைப் படம் பிடிப்பது மகிழத்தக்க காட்சி. ஆயினும் ரோசியின் வரலாற்றைப் படிக்காத ஊடகக் கல்வி அரைக் கல்வியே. கருவியின் முன்னே யார் நிற்கிறார், யாரை நிற்க விடவில்லை, யாருடைய பேச்சு ‘கொச்சை’ என்று வெட்டப்படுகிறது, ஒரு செய்தியை யார் எவருக்காகச் சொல்கிறார் என்று கேட்கப் பழக்குவதே அப்பாடத்தின் உயிர். எல்லைப்புறத்துத் தமிழ்ப் பேச்சைத் திரையில் நகைப்புக்கு மட்டும் பயன்படுத்துவதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அதனைக் கண்டு சிரிப்பதா, ஏன் என்று கேட்பதா என்பது பள்ளியில் பெற்ற பயிற்சியைப் பொறுத்தது.

தமிழிலேயே இக்கல்வி முழுமையாக நடைபெறும் நாடு ஒன்று நமக்கு மிக அருகில் உள்ளது, அது இலங்கை. அங்கே பத்தாண்டுப் பள்ளிப் படிப்பைத் தாண்டி எழுதும் சாதாரண தரத் தேர்வில், கர்நாடக இசை, பரதம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் ஆகியவை அழகியற் பாடங்களாக மாணவர் தேர்ந்தெடுக்கும் தொகுதியில் வைக்கப்பட்டுள்ளன. தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்பது வேறொரு தொகுதியில் உள்ளது. வன்னியிலோ மட்டக்களப்பிலோ உள்ள கிராமத்துப் பிள்ளையும் இப்பாடங்களைத் தமிழில் எழுதித் தேர்வு பெறுகிறது. இது தானாக வந்ததன்று. யாழ்ப்பாணத்தில் 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றோர், ஆசிரியரைப் பயிற்றியும் பிள்ளைகளுக்கென்றே நாடகங்கள் எழுதியும் அப்பாடத்துக்கு உடம்பும் உயிரும் கொடுத்தனர். 2025 ஜனவரியில் மறைந்த அப்பெரியார், போர்க்காலத்திலும் அப்பணியை விடவில்லை. பாடத்திட்டத்தில் பெயரை அச்சிடுவதால் மட்டும் ஒரு கலை பாடமாகிவிடாது. அதனை வகுப்பில் நின்று நடத்தும் ஆசிரியர் ஒரு தலைமுறை உருவாக வேண்டும் என்பதை அங்கே காணலாம்.

வெளிமாநிலத் தமிழன்பர்கள் இப்போது கேட்கக்கூடும்: ‘எங்கள் பிள்ளைக்கு என்ன வழி?’ என்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பள்ளிகளில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கர்நாடக இசை, பரதநாட்டியம் ஆகியவை தேர்வுப் பாடங்களாக உள்ளன. இசைப் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 30 மதிப்பெண்ணும் செய்முறைக்கு 70 மதிப்பெண்ணும் வழங்கப்படுகின்றன. வெகுசன ஊடகக் கல்வி என்பது திறன் பாடங்களுள் ஒன்றாக உள்ளது. தமிழும் மொழிப்பாடங்களுள் ஒன்று. அண்டையிலுள்ள பள்ளி இவற்றை நடத்தாவிட்டால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழி உண்டு. அங்கே பத்தாம் வகுப்பு நிலையில் கர்நாடக இசையும் நாட்டியக்கலையும், பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் வெகுசனத் தொடர்பியலும் எடுக்கலாம். கல்வியில் கலைப்பாடத்துக்கும் பிற பாடத்துக்கும் இடையே சுவர் எழுப்பலாகாது என்று 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் கூறுகிறது. இதனைக் கொள்கைப் புத்தகத்தில் படித்துவிட்டு, பிள்ளை இசையை எடுக்கிறேன் என்றவுடன் வீட்டில் எழும் ஓசை வேறாக இருக்கும் என்பதை நாம் அறியாமல் இல்லை.

‘பாட்டு சோறு போடுமா?’ என்று தந்தையார் கேட்பார். நியாயமான கேள்வியே, பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்தவர் கேட்காமல் யார் கேட்பார்? பாட்டு மட்டும் பலருக்குச் சோறு போடுவதில்லை என்று நேர்மையாகவே ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஐந்து பாடங்களுள் ஒன்றாக அதனை எடுப்பதால் மற்றை நான்கு கெட்டுப்போவதும் இல்லை. பள்ளி ஆசிரியர், வானொலி, தொலைக்காட்சி, ஒலிப்பதிவுக் கூடம், செய்தித்தாள் என்று அப்பயிற்சியை நாடும் வேலைகளும் உள. தாயார் கேட்கும் கேள்வி வேறு: ‘தமிழ் எழுதவே தெரியாத பிள்ளை, தமிழ்ப் பாட்டை எப்படிப் படிக்கும்?’ எழுதத் தெரியாத பிள்ளைக்குத்தான் பாட்டும் நாடகமும் மிகவும் தேவை. தமிழ்ச் சொல்லை வாயால் ஒலித்து, அபிநயத்தால் காட்டி, மேடையில் உரக்கப் பேசிப் பழகியபின் எழுத்து வருவது எளிது. தமிழ் எழுதத் தெரியாமலே தமிழ்ப் பாட்டை வாங்கிக்கொண்டவர் நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்துள்ளனர். அவர்கள் அதனை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடினார்கள்.

பள்ளிச் சேர்க்கை தொடங்கும் வாரத்தில், பாடங்களின் பட்டியலைப் பார்த்துத் திருப்தியடையாமல், அலுவலகத்தில் நின்று கேட்டறிய வேண்டியவை சில உண்டு. இசைக்கோ நடனத்துக்கோ நிலையான ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது விழாவுக்கு ஒரு மாதம் முன்னர் மட்டும் வந்து போகிறாரா? சுருதிப் பெட்டியும் மிருதங்கமும் பள்ளியில் உள்ளனவா? ஊடகப் பாடத்தில் மாணவர் கையில் கருவி கொடுக்கப்படுகிறதா, அன்றிப் பலகையில் படம் வரைந்து காட்டுவதோடு நின்றுவிடுகிறதா? வேறு மாநிலங்களில் இப்பாடங்களுக்குரிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே கிடைக்கின்றன. ஆகவே ‘பதம்’ என்றால் என்ன, ‘பல்லவி’ என்றால் என்ன, பாட்டில் வரும் தலைவி யாரிடம் கோபித்துக்கொள்கிறாள் என்பனவற்றைத் தமிழில் விளக்கிச் சொல்லும் பொறுப்பு வீட்டிலுள்ள பாட்டனார் பாட்டிமாரிடமே வந்து சேர்கிறது. மாலையில் பிள்ளை பாட நோட்டைத் திறக்கும் வேளையில் அவர்கள் அருகில் அமர்ந்தாற் போதும்.